அலசிவிட்டு ஓட்டு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பல்கூடத் துலக்கவில்லை, அண்ணி மாடிக்கு ஓடி வந்தார். "கீழ வந்து பாரு, உங்கண்ணனுக்குப் பேச்சு வரல."

பேச்சு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்று என்ன புதிதாக என்று ஒரு நொடி விழித்தேன். பிறகுதான் புரிந்தது. அவர் சொன்னது கம்ப்யூட்டரை.

அண்ணனுக்கு நரம்பு நோய். கால், கை, நாக்கு என்று ஒவ்வொன்றாக விட்டுப்போய், இப்போது வலது கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்கிறது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஓர் இணையப் பக்கம் காட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தின் நடுவே ஒரு குட்டி நிரல்: எழுத்தும் சொல்லுமாக வரிசையாகக் கட்டங்கள். கட்டைவிரலால் ஒரு உருண்டையை நகர்த்தி அமுக்கினால், அமுக்கியதை ஒரு குரல் வாசிக்கும். அதுதான் அவனுக்கு வாய்.

நேற்று பிரவுசர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. கட்டங்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பெட்டி. இந்த வகை நிரல்கள் இனி ஓடாது என்று ஒரு வரி. அண்ணன் அந்தச் சாம்பலையே அமுக்கிக்கொண்டு கிடந்தான்.

பயிற்சி அம்மாவுக்குப் போன் செய்தேன். "அது பழைய முறைம்மா. எழுதினது யாருன்னே எங்களுக்குத் தெரியாது. இனி எந்த பிரவுசரும் ஓட்டாது. புதுக் கருவிக்கு எழுதிப் போட்டிருக்கோம்."

"எப்ப வரும்?"

"வரும்."

மார்ச் 5, புதன்

எனக்கு மண்டையில் ஏதாவது இருக்கிறதா? நாள் முழுக்க இதே மாதிரி நிரல்களைத்தான் பிரவுசர் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அது இன்று மதியம் சாப்பிடும்போதுதான் உறைத்தது!

எங்கள் அலுவலகத்தில் வியூவர் என்று ஒன்று உண்டு. பக்கம் கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒரு சின்னச் சாளரம், அதற்குள் நிரல் மட்டும். வங்கிப் பக்கத்தில் உட்காரும் வட்டிக் கணக்குப் பெட்டி, தியேட்டர் பக்கத்தில் உட்காரும் இருக்கைப் படம், எதுவானாலும் வாடிக்கையாளருக்குப் போகுமுன் இதில் ஏறி இறங்கியாக வேண்டும். அதில் ஏறியவற்றில் பழுது கண்டுபிடிப்பதும், வியூவரையே பழுதில்லாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

மேனேஜரிடம் கேட்டேன். "டெஸ்ட் பண்ற சாமான். அதை வெச்சு வீட்ல ஒருத்தர் பேசப் போறாரா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எடுத்துட்டுப் போங்க. ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வரக்கூடாது."

மார்ச் 7, வெள்ளி

ஓடிவிட்டது!

நிரல் எழுந்து நின்றதும், தன்னைச் சுற்றி ஒரு பக்கம் இருக்கிறதா, பக்கம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. குரலை எடுக்க மறுத்தது. இருக்கிறது என்று வியூவரைப் பொய் சொல்ல வைத்தேன். நம்பிவிட்டது. கட்டங்கள் வந்தன, குரலும் வந்தது.

அண்ணன் ஒவ்வோர் எழுத்தாக அமுக்கினான். அண்ணி, சிட்டு, நான் மூவரும் சுற்றி நின்றோம். செய்தி வாசிக்கும் பெண்ணின் பதவிசான குரலில் வந்தது: "எருமை இவ்வளவு நாளா எங்க போன."

சிட்டு குதித்தாள். அவளுக்குப் பதினொரு வயது, அண்ணனின் ஒரே பெண். அண்ணி சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனார், திரும்பி வர நேரமானது.

இருபது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என் அண்ணன். அவன் "கிளட்ச்!" என்று கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிறவன் காலைத் தூக்குவான். அதைச் சொன்னேன். அவன் அமுக்கினான்: "இந்தக் குரல்ல கத்தினா எவன் பிரேக் போடுவான்."

மார்ச் 9, ஞாயிறு

ஒரு சின்னச் சிக்கல். நேற்று அவன் சேர்த்துவைத்த வாக்கியங்கள் ("திருப்பிப் படுக்க வை", "ஃபேனைக் குறை", "சிட்டு, சத்தம்") இன்று காலை திறந்தபோது ஒன்றுமே இல்லை. பயந்தான். நான் பயப்படவில்லை, காரணம் தெரியும். சோதனைக் கருவிக்கு மறதிதான் பெருமை. நேற்றைய குப்பை இன்றைய சோதனையில் கலக்கக்கூடாது என்று, மூடும்போதெல்லாம் எல்லாவற்றையும் துடைத்துவிடும். அப்படித்தான் கட்டியிருக்கிறோம்.

அலுவலகத்தில் யார் வந்து "ஓடல" என்று சொன்னாலும் முதல் கேள்வி, "அலசிட்டு ஓட்டினியா?" அலசுவது என்றால் இரண்டு விசையைச் சேர்த்து அமுக்குவது. அமுக்கினால் நிரலின் ஞாபகமெல்லாம் போய், பிறந்த குழந்தையாக மறுபடி எழும். பாதிப் பழுது அதிலேயே சரியாகிவிடும்.

மூடும்போது துடைப்பதை நிறுத்திவிட்டேன். அவன் வாக்கியங்களையெல்லாம் மறுபடி சேர்த்து, ஒரு நகலும் எடுத்துவைத்தேன். அலசும் விசையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஏதாவது சிக்கிக்கொண்டால் எனக்கு வேண்டுமே.

மார்ச் 18, செவ்வாய்

அவன் அமுக்குவதையெல்லாம் வியூவர் ஒரு ஓரமாகப் பதிந்துகொண்டே வரும். பழுது எப்போது வந்தது என்று பின்னால் தேட அது உதவும். பெருமையாக இதை அவனிடம் சொல்லிவைத்தேன்.

"அப்ப நான் பேசறதை நீ ஒட்டுக்கேக்கலாம்," என்றது குரல்.

"யாருக்கு வேணும் உன் பேச்சு?"

"நிறுத்து."

பதிவை அணைத்தேன். நியாயம்தான். பேசுகிற ஒவ்வொன்றையும் தங்கச்சி எழுதிவைத்துக்கொண்டால் எவன் பேசுவான்?

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒரு வாரமாகக் காலையில் எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறான். கதவைச் சாத்தச் சொல்கிறான். உள்ளே குரல் வருவதில்லை. அதையும் அணைக்கச் சொல்லிவிடுகிறான். தனக்கென்று புதிதாக ஒரு கட்டப் பலகை திறந்து எதையோ சேர்க்கிறான்.

"என்னண்ணா, லவ் லெட்டரா?"

"உள்ள பாக்காத," என்றான். விளையாட்டில்லை. அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 23, புதன்

மதியத்துக்குமேல் கட்டைவிரல் ஒத்துழைப்பதில்லை. காலை மட்டும்தான் இனி.

மே 11, ஞாயிறு

இன்று என்னை மட்டும் கூப்பிட்டான்.

கேட்டது ஒன்றே ஒன்று: "இது எவ்வளவு வருஷம் ஓடும்?"

எது என்றேன். பலகையைத் திறந்து தூரத்திலிருந்து காட்டினான். கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எண். பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு... முப்பது வரை. சிட்டுவின் வயசு. அந்தந்த வயசில் அவள் அந்தந்தக் கட்டத்தை அமுக்க வேண்டும், இவன் பேச வேண்டும். அதற்காகத்தான் காலையெல்லாம் கதவைச் சாத்திக்கொள்வது.

அவன் விடவில்லை. "பிரவுசர் மாதிரி இதுவும் ஒரு நாள் ஓடலன்னு நின்னுடுமா?"

"வியூவர் என் கையில இருக்கு. நான் இருக்கற வரைக்கும் ஓட்டித் தரேன்," என்றேன்.

"சத்தியமா?"

சத்தியம் என்றேன். இருபத்தொன்றுவரை முடித்துவிட்டானாம். ஒரு கட்டத்துக்கு இரண்டு காலைப் பொழுது ஆகிறது. மிச்சத்துக்கு விரல் தாங்குமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க நினைத்தேன். உள்ளே பார்க்கிறேன் என்று நினைப்பானோ என்று விட்டுவிட்டேன். பார்க்காமலேயே நகல் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு சொல்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்தேன். கைப்பை தோளில். சிட்டு படியில் நின்று கூப்பிட்டாள்: "அத்தை, அப்பாவோடது சிக்கிக்கிச்சு, ஒரே எழுத்தையே கத்துது." கீழே போனேன். குரல் "க க க க" என்று விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. அண்ணன் முகத்தில் எரிச்சல். அண்ணி காதைப் பொத்திக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது. குனிந்தேன். கை போயிற்று. இரண்டு விசை.

சத்தம் நின்றது. கட்டங்கள் பளிச்சென்று புதிதாக எழுந்தன. "அவ்வளவுதான்," என்று நிமிர்ந்தேன்.

அவ்வளவுதான்னு சொன்னேன். என் வாயால சொன்னேன்.

அண்ணனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை மாதத்தில் தொண்டையிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் கேட்டதில்லை. அவன் பார்த்த இடத்தைப் பார்த்தேன். அவனுடைய பலகை காலி.

ஐயோ. நான் யோசிக்கவேயில்ல. கைதான் பண்ணுச்சு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பண்றேன், எத்தனை வருஷமா பண்றேன்... கைக்கு எப்படித் தெரியும் இது வீடுன்னு?

ஜூன் 4, புதன்

போச்சு. எதுவுமே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

தாடிக்காரர் வந்து பார்த்தார். எங்கள் அலுவலகத்தில் அழிந்ததை மீட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மதியம் முழுக்க உட்கார்ந்தார். கடைசியில் தாடியைத் தடவிக்கொண்டு, "நல்லா எழுதின கருவி. துடைச்சா சுத்தமா துடைச்சிருக்கு," என்றார். துடைக்கும் பகுதியை எழுதியது நான்தான். அது அவருக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது.

"அமுக்கினதோட பதிவு இருந்தா அதை வெச்சே திரும்பக் கட்டிடலாமே?" என்றார்.

அணைத்துவிட்டேன் என்றேன்.

மார்ச் மாத நகலைப் போட்டுக்கொடுத்தேன். இப்போது "ஃபேனைக் குறை" வருகிறது, "திருப்பிப் படுக்க வை" வருகிறது. மறுபடி முதலிலிருந்து எழுதினால் போயிற்று என்று அண்ணி அவனிடம் சொன்னார், யாருக்கோ சொல்வதுபோல. அவன் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று உருண்டையை விரலுக்கடியில் வைக்கச் சொல்லிப் பார்வையால் காட்டினான். வைத்தேன். புதுப் பலகை திறந்து வைத்தேன், கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். வெகு நேரம்.

உள்ளே போனபோது பன்னிரண்டு என்ற கட்டத்தில் "சி" என்று மட்டும் இருந்தது. விரல் உருண்டைமேல் சும்மா கிடந்தது. எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். அது என் விரலைத் திருப்பிப் பிடிக்கவில்லை.

பயிற்சி அம்மாவுக்குப் போன் செய்தேன். கண்ணசைவில் ஓடும் புதுக் கருவி எங்கே? "வரும்மா, வரும்."

ஜூலை 6, ஞாயிறு

இப்போது இமை மட்டும்தான். ஒருமுறை மூடினால் ஆமாம், இருமுறை மூடினால் இல்லை. அண்ணியின் ஏற்பாடு.

துணி உலர்த்தும்போது அண்ணி மெதுவாகக் கேட்டார். "நீயே ஏதாவது எழுதிப் போட்டுடேன்."

"என்னத்தை?"

"அந்தக் கட்டத்துல எல்லாம். அவரு எப்படிப் பேசுவாருன்னு உனக்குத் தெரியாததா? குரலும் மிஷினு குரல்தான். இவ எதைக் கண்டா?"

"அண்ணி, அது பொய்."

"எனக்கு உண்மை வேண்டாம். என் பொண்ணுக்கு ஒரு வார்த்தை வேணும்." ஈரத் துணியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த ஒரு மாதத்தில் அண்ணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 7, திங்கள்

எழுதிப் பார்த்தேன். ஆமாம், எழுதினேன். பதினெட்டாம் கட்டத்தில் நாலு வரி. அமுக்கினேன். அதே குரல், அதே பதவிசு, ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தது. யார் எழுதியது என்று கருவிக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு பாஸ் போட்டுவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

விடுப்பு போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினேன்.

"அப்பா எப்பவும் உன்னோட இருப்பேன்." இல்லை.

"எது வந்தாலும் தைரியமா இரு." இல்லை.

"அம்மாவைப் பத்திரமா பாத்துக்க." இல்லை.

"நல்லா படி." ஈ ஓட்டுகிற மாதிரி படபடவென்று இரண்டு முறை மூடினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்தது. நாற்பது வருஷமாக இவனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இவன் தன் பெண்ணிடம் என்ன சொல்ல நினைத்தான் என்பதில் ஒரு வரிகூட எனக்குப் பிடிபடவில்லை. நான் எழுதியது எல்லாம் சினிமா வசனம்.

"சரி, நானே எழுதிப் போட்டுடட்டுமா? அண்ணி ஆசைப்படறாங்க."

இருமுறை மூடினான். பிறகு கண்ணை அகலத் திறந்து என்னையே பார்த்தான். அவன் முன்னாலேயே அத்தனையையும் அழித்தேன்.

"சிட்டுவையே உள்ள அனுப்பட்டுமா? அவளே கேக்கட்டும்."

ஒருமுறை.

ஜூலை 13, ஞாயிறு

பள்ளி விட்டு வந்ததும் சிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தினமும் கொஞ்ச நேரம். அண்ணி கதவில் காதை வைத்தார், இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு நாள் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு நாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, சாப்பாடு எங்கே என்றாள். என்ன கேட்கிறாள் என்று நாங்கள் கேட்பதில்லை.

நான் அவனைத் தனியாகப் பார்ப்பதில்லை. அண்ணியோடு போகிறேன், திருப்பிப் படுக்கவைக்கிறேன், வாயைத் துடைக்கிறேன், இன்று வெயில் என்கிறேன், பஸ்ஸில் கூட்டம் என்கிறேன். கேட்க வேண்டியது ஒரே கேள்வி. "என்மேல கோபமா?" இமைக்கிற நேரம் போதும் பதிலுக்கு. நாள் முழுக்க எதையாவது சோதித்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், இதைக் கேட்டுப் பார்க்கத் துப்பில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு வருகிறேன்.

ஜூலை 19, சனி

விடியும்போது மூச்சு நின்றுவிட்டது. அண்ணி பக்கத்தில் இருந்தார். நான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28, திங்கள்

பயிற்சி அம்மா போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "வந்துடுச்சும்மா! எப்ப வந்து மாட்டிக் குடுக்கட்டும்?"

சொன்னேன். அவரைத் திட்ட வேண்டும் என்று பல நாளாக மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. வரிசையில் அடுத்து யாரோ அவருக்குக் கொடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மதியம் சிட்டு மாடிக்கு வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒரு துண்டை எடுத்து மடித்தாள். கோணல்மாணலாக மடித்துவிட்டு, தானாகவே சொன்னாள்.

"அத்தை, அப்பாகிட்ட உங்களைப் பத்தியும் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"அத்தை மேல கோபமான்னு கேட்டேன். ஆமான்னாரு."

சரி என்றேன்.

"இன்னும் கோபமாத்தான் இருக்கியான்னு கேட்டேன். அதுக்கும் ஆமான்னாரு."

இவளுக்குப் பூசி மெழுகத் தெரியாது, அவனைப் போலவேதான். வலித்தது. அதே சமயம், அவன் என்மேல் பரிதாபப்பட்டு ஒரு பொய்யை விட்டுவிட்டுப் போகவில்லை என்று ஏதோ ஓர் ஆறுதலும் இருந்தது. கோபம்தான். இருக்கட்டும். நான் செய்ததற்கு அதுதான் சரி. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு அடுத்த துணியை எடுத்தேன். ஆனால் அவள் முடிக்கவில்லை.

"அப்புறம், அத்தையைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். ஆமான்னாரு. உங்களைக் கூப்பிட வந்தேன் அத்தை. நீங்க போன்ல இருந்தீங்க. கையைக் காட்டினீங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவன் போவதற்கு முதல் நாள். எந்த வாடிக்கையாளர் பக்கத்திலோ ஒரு பெட்டி திறக்கவில்லை என்று மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். இவள் வாசலில் வந்து நின்றாள். அப்புறம் என்று கையைக் காட்டினேன். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். போன் முடிந்த பிறகு ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

"திரும்பிப் போய் அப்பாகிட்ட என்ன சொன்ன?"

"அத்தைக்கு வேலை இருக்காம்ப்பான்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன பண்ணாரு?"

அவள் துண்டைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"கண்ணை மூடினாரு," என்றாள். "ஒரு தடவைதான்."